தலைக்கு இத்தனை

ஒப்பந்தத்தில் சம்மனசுகளுக்குத்
தலைக்கு இத்தனை வெள்ளி என்று எழுதியிருந்தது.
கையெழுத்து, அப்பாவுடையது.

ஆண் உடலைப் பார்த்து வரைய
எர்சிலியாவுக்கு அனுமதி இல்லை.
சிலுவையிலிருந்து இறக்கிய கிறிஸ்துவுக்குக்
காய்ச்சலில் கிடந்த கணவனின் விலா எலும்புகள்.
அவன் தண்ணீர் கேட்டான்.
அசையாதே என்றாள்.

நீலம் பொன் விலை.
மாதாவின் முக்காட்டில் நிழல் விழுந்த பக்கம்
மலிவு நீலம்தான்;
பொலோஞ்ஞாவில் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

நிஜமாகவே இவள்தான் வரைகிறாளா என்று பார்க்க
இரண்டு பாதிரியார்கள் வந்து உட்கார்ந்தார்கள்.
பேசாமல் ஒரு காதை வரைந்து முடித்தாள்.

கடைசியில்
மேகத்துக்குள் இன்னும் மூன்று குட்டித் தலைகள் சேர்த்தாள்.
அதில் ஒன்றுக்கு
மகளின் பல்வலி வீங்கிய கன்னம்.
என்ன பக்தி என்றார் மடத்துத் தலைவி.

அந்த மாத வாடகை
மூன்று தலை.