பிடித்தம்

போன மாதச் சம்பளத்தில்
உடைந்த இரண்டு தட்டுகளுக்கு
நாலரை தினார் பிடித்தம்.
கருநீலத் தட்டுகள். ஜப்பானிலிருந்து வந்தவை என்றார்கள்.
பின்புறம் வேறு நாட்டின் பெயர் இருந்தது.
கழுவுகிறவனுக்குத்தான் அது தெரியும்.

அத்லியாவில் அந்த உணவகத்தில்
தட்டுகளுக்கு முன்பு, காலையில், அரிசி.
ஏழு தண்ணீர். எட்டாவதில் என் விரல் தெரிய வேண்டும்.
சோறு வெந்ததும் அது என்னுடையது இல்லை.
கதவிடுக்குக்கு அப்பால் ரோமெல் பிடிப்பான்:
இடது கையில் மீன், வலது கையில் சோறு,
நடுவே ஒரு பொட்டு வசாபி.
ஒரு அழுத்து, ஒரு புரட்டு, மறுபடி ஒரு அழுத்து.
நாலு நொடி.
இரண்டு வருடமாக அந்த நாலு நொடியைப்
பாத்திரச் சத்தத்துக்கு நடுவில்
சேர்த்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை விடுமுறை.
முஹரக்கில் மூன்றாம் மாடி, நாலு கட்டில், ஒரு ஜன்னல்.
பெர்க்மான்ஸ் போன வாரமே படகிலிருந்து
ஒரு துண்டு நெய்மீன் கொண்டுவந்திருந்தான்.
"தொடாதே" என்று எழுதி ஒட்டி
புழு சாகட்டும் என்று உறையவிட்டேன்.
"பச்சையாவா?" என்றான்.
"அப்ப அடுப்பு எதுக்கு, நீ எதுக்கு?"
அவனுக்கு மீன் கையில் துடிக்கும்,
இல்லையென்றால் குழம்பில் கொதிக்கும்.
இடையில் ஒரு நிலை இருப்பதாக அவன் நம்பவில்லை.
ஆனாலும் நான் அறுப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்
கத்தியைப் பிடுங்கி, கோப்பையின் அடியில் தீட்டி,
சாய்த்து ஒரே இழுப்பில்
ரோமெலைவிட மெல்லிசாக அறுத்துவைத்தான்.

சோற்றில் வினிகர், சர்க்கரை, உப்பு.
கிளறக் கூடாது, கரண்டியால் வெட்ட வேண்டும்.
இஷாக் போன வருடக் காலண்டர் அட்டையால் விசிறினான்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது:
பிடிக்கும்போது சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும்.
ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.
தணிகாசலம் ஏசி மெக்கானிக்.
பகலெல்லாம் ஊரார் மொட்டைமாடிகளில் வெந்து
ராத்திரி கொஞ்சம் குளிருக்காக உயிரோடிருப்பவன்.
என்னைப் பார்த்தான். சட்டியைப் பார்த்தான்.
எழுந்துபோய் அணைத்தான்.

ஆகஸ்ட் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது.
பத்து நிமிடத்தில் நாலு பேரும் பனியனைக் கழற்றினோம்.
சோறு மட்டும் சுகமாக இருந்தது.

முதல் பிடியில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது.
"கொழுக்கட்டைக்கு இன்னும் நாள் இருக்கே" என்றான் இஷாக்.
அந்தப் பயத்தில் தளர்த்திய இரண்டாவது
தட்டுக்குப் போகும் வழியிலேயே உதிர்ந்தது.
மூன்றாவது பிள்ளையாரும் இல்லை, குரங்கும் இல்லை.

எனக்குத் தெரிந்த பிடியெல்லாம்
கம்பெனி பீரோவில் இருக்கும் பாஸ்போர்ட்,
ஏஜென்ட் ஆறு மாதம் பிடித்த பணம்,
பஸ்ஸில் தலைக்கு மேல் ஆடும் வளையம்.
இது வேறு கணக்கு.
தட்டிலிருந்து வாய்வரை நிற்க வேண்டும்.
வாய்க்குள் போனதும் தானாக விட்டுவிட வேண்டும்.

வினிகர் தண்ணீரில் கையை நனைத்து
ஒரு தட்டுத் தட்டி
(ரோமெலிடமிருந்து நான் திருடியது அந்தச் சத்தம்தான்)
ஒன்பதாவதைப் பிடித்தேன்.

பெர்க்மான்ஸ் கண்ணை மூடிப் போட்டுக்கொண்டான்.
வசாபி மூக்கில் ஏறி
உச்சந்தலையில் தானே அடித்துக்கொண்டான்.
"பிடிச்சிருக்கா?"
பதில் சொல்லாமல் அடுத்ததுக்குக் கை நீட்டினான்.

தணிகாசலம் ஆடிக் கிருத்திகைவரை மீன் தொடமாட்டான்.
அவனுக்கு வெறும் சோற்றைப் பிடித்தேன்.
மேலே ஒன்றும் இல்லாமல் நிற்குமா என்று தெரியவில்லை.
நின்றது.
மூக்கு நுனியில் வியர்வை சொட்டச் சொட்ட
மெதுவாக மென்றான். விழுங்கினான்.
"இப்ப போடலாமா?" என்றான்.
போட்டான்.

மிச்சச் சோறு விடியும்போது கல்லாகியிருந்தது.
புளிப்புதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று
கடுகும் காய்ந்த மிளகாயும் மட்டும் தாளித்துக் கொட்டி
நாலு டப்பாவில் அடைத்துக்கொண்டு
வேலைக்குப் போனோம்.