வெளியாள் தலையீடு

ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து மடுவம் காலி.
உரச்சாக்கு ஆறு விரித்தால் மேடை.
நடுவர் நான், சிவநந்தினி;
விசில் என்னிடம்.

கயிற்றைத் தொட்டவனை விட்டுவிட வேண்டும்,
ஐந்து எண்ணுவதற்குள்.
ஜோடி ஆட்டமென்றால்
கையில் கை பட்டால்தான் அடுத்தவன் உள்ளே.
கூண்டுச் சண்டை கிடையாது:
போனமுறை கோழிக்கூட்டுக்குள் டெல்சன் மாட்டிக்கொண்டான்.

இன்று ஏணிச் சண்டை.
மஸ்கெலியா மழையில் ஊறிய ஏணி,
உச்சியில் பட்டமாய்ப் பால்மா டின் மூடி.
நாலாம் படியில் டெல்சன் அலறினான்,
கணுக்காலில் அட்டை.

அட்டைக்கு விதி எழுதவில்லை நாங்கள்.
வெளியாள் தலையீடு, என்றான் டெல்சன்.
வெளியாளா?
இந்த மலைக்கு நமக்கு முன்னே வந்தது அது,
என்றான் பிரதாபன்.

சவர்க்காரம் தேய்த்தேன்.
சாக்கில் விழுந்து சுருண்டது.
குனிந்து தரையைத் தட்டினேன்:
ஒன்று,
இரண்டு,

நெளிந்துவிட்டது.