வரிசை எண் 214 முதல் 260 வரை

கம்பெனிக் கடிதம் மலையாளத்தில் வந்தது.
அடியில் யாரோ தமிழில் ஒட்டிய துண்டுத்தாள்:
பூட்டு ஊசியின் பற்றவைப்பில் குறை இருப்பதால்
ஏறுவதை உடனே நிறுத்தவும்.

கொழிஞ்சாம்பாறைக் கடையில் நாங்கள் விற்றது பதினேழு.
உட்கார்ந்து ஏறும் மாடல், சிவப்பு இருக்கை,
மானியம் போக நாலாயிரத்துச் சொச்சம்.
பில் புத்தகத்தை மடியில் விரித்து
மத்தியானம் முழுக்க எண்களை அழுத்தினேன்.

ஒருவருக்குத் தென்னை வாடி வெட்டியாயிற்று,
மெஷின் ஆட்டுக்கொட்டாய்க்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.
வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி வாங்கிப்போனவர்
"குறை கேரளாவுக்குத்தானே,
எங்க பக்கம் நல்லா ஏறுதே" என்றார்.
பதினோராம் எண்ணை ஒரு பெண் எடுத்தாள்.
"அவர் விழுந்து நாப்பது நாள் ஆச்சு.
கால் வழுக்கிருச்சுன்னு நினைச்சோம்."
பின்னால் குக்கர் விசில் அடித்தது. அடித்து முடியும்வரை
இருவரும் பேசவில்லை.
"திருப்பித் தந்தா பணம் வருமா?"

மிச்சம் ஒன்று. எண் 231, தேவசிகாமணி.
பஞ்சாயத்து உத்தரவு வாங்கிப் பன்றி சுடுகிறவர்.
"தேங்காய்க்கு இல்லம்மா, இது எனக்கு மச்சு" என்று
இருக்கையைத் தட்டிப் பார்த்து எடுத்துப்போனார்.
போன் அணைந்திருந்தது.
பன்றிக்குக் காது ரொம்பக் கூர்மை என்பதும்
அவர் சொல்லித்தான் தெரியும்.

கடையைப் பூட்டி ஸ்கூட்டரை எடுத்தேன்.
கோரையாற்றை ஒட்டிய கடலைக்காடு,
நிலா இல்லை, ஒற்றைப் பனை.
உள்ளே எங்கோ வேர் அறுபடும் சத்தம்,
கடலை உடைபடும் சத்தம், தாயும் குட்டிகளும் இருக்கும்.
வரப்பில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்றேன்.
இருட்டில் அசைவதெல்லாம் பன்றிதான் என்று
கல்லாவில் சாய்ந்து அவர் சிரித்தது
அப்போதா ஞாபகம் வரவேண்டும்.

போன் வெளிச்சத்தை என் முகத்திலேயே அடித்துக்கொண்டேன்.
என்ன சொல்லிக் கூப்பிடுவது?
பேர் வாயில் வரவில்லை. எண்தான் வந்தது.
"இருநூத்தி முப்பத்தொண்ணு! சுடாதீங்க!
கடையிலிருந்து வந்திருக்கேன்!"

காடு சடசடவென்று ஓடிப்போனது.
மேலிருந்து முதலில் ஒரு கெட்ட வார்த்தை,
பிறகு துப்பாக்கியை மடிக்கும் ஓசை.
கடிதத்தை மடிப்பு பிரித்துச் சத்தமாக வாசித்தேன்,
ஊசி, பற்றவைப்பு, உடனே.
கொஞ்ச நேரம் பனையோலை மட்டும் பேசியது.

"சரி. ஏறலை.
ஏறினவன் இப்ப எதுல இறங்கறது?"

கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் வெள்ளை.
"மெதுவா" என்றேன். அது என் சொந்த வார்த்தை.

துப்பாக்கி முதலில் கயிற்றில் வந்தது, வாங்கிக்கொண்டேன்.
பிறகு மேலே ஒரு க்ளிக்.
வெளிச்சத்தை அவருக்குக் காட்டுவதா
ஊசிக்குக் காட்டுவதா தெரியாமல்
மரத்துக்குக் காட்டினேன்.
இன்னொரு க்ளிக்.