பாகமேற்று நடித்தல்

கல்லடியில், வாவியைப் பார்த்த மண்டபம்.
வெளியே வைகாசி. உள்ளே ஏசி பதினெட்டில்.
மேசைக்கொரு தண்ணிப் போத்தல், ஒரு பேனை,
‘பூர்வீகக் குடிகள்: பண்பாட்டு விழிப்புணர்வு’ என்று
பொன்னிறத்தில் அச்சடித்த கோப்பு.
நாங்கள் முப்பத்திரண்டு பேர்.
வங்கி, பிரதேச செயலகம், வன இலாகா,
இரண்டு தொண்டு நிறுவனம், மறுகா
கடன் கொம்பனியில் இருந்து நான்.

கொழும்பிலிருந்து வந்த ஷாமினி மிஸ்
திரையில் ஒரு படம் போட்டா.
தாடி, தோளில் கோடரி, கையில் வில்.
“இவர் யார்?”
“வேடர்” என்றோம்
பள்ளிக்கூடம் போல, ஒரே குரலில்.
பின்னுக்கிருந்து ஒரு கை உயர்ந்தது.
“அவர் மகியங்கனைப் பக்கத்து ஆள் மிஸ்.
நாங்க கடற்கரைப் பக்கம்.
எங்கட கையில வலை.”

நிகழ்ச்சி நிரலில் அவ ‘வளவாளர் 2’.
என் பதிவேட்டில் தெய்வராணி,
குழு ஏழு, அங்கத்தவர் மூன்று,
பதினொரு தவணை கட்டினவ, நாலு நிலுவை.
கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன்.
அட்டையில் ஒரு மான்
என்னை விட அமைதியாக நின்றது.

தேத்தண்ணிக்குப் பிறகு பாகமேற்று நடித்தல்.
“அலுவலர் ஒருவர் கிராமத்துக்குப் போறார்.
ஆர் அலுவலர்?”
“நான்” என்றா தெய்வராணி.
“கிராமத்து ஆள்?”
அவவின் விரல் மேசை மேசையாக வந்து
என்னில் நின்றது.

கதிரையைத் திருப்பிப் போட்டுக் குந்தினா.
கை இரண்டையும் முன்னால் நீட்டி
ஹோண் அடித்தா, மூன்று தரம்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்தவுமில்லை,
வாயால் அதை ஓடவிட்டபடியே
“புருசன் எங்க?” என்றா.
அது என் குரல்.
கேட்க முன்னம் தொண்டையைச் செருமுவதும் நான்தான்.

“காட்டுக்க” என்றேன்,
வேறென்ன சொல்ல?
“காட்டுக்க எண்டா
உள்ளுக்க ஆடுறது ஆர்?”

அப்போதுதான் விளங்கியது
இது எந்தச் செவ்வாய் என்று.
வளவுக்குள் பந்தல், வெள்ளை கட்டி.
பறைச் சத்தத்துக்கு மேலால் என் ஹோண்.
ஆடியவர் இடையில் நின்று
வேர்வை வடிய வெளியே வந்து
ஐந்நூறு ரூபாய் நீட்டினார். தாள் நனைந்திருந்தது.
நான் பற்றுச்சீட்டு எழுதினேன்,
திகதி போட்டு, நேரம் போட்டு.

“ஐந்நூறு காணாது” என்றா கதிரையில் இருந்தபடி.
ஒருவரும் சிரிக்கவில்லை.
வன இலாகாக்காரர் போத்தல் மூடியைத்
திருகித் திருகித் திறந்தார்.
மிஸ் கைதட்டினா:
“மிகவும் இயல்பாக இருந்தது.
இதிலிருந்து நாம் என்ன கற்றோம்?”

பெரிய தாளில் ஏறியவை:
முன்னறிவித்தல். அனுமதி கேட்டல். செவிமடுத்தல்.
“வட்டி” என்று தெய்வராணி சொன்னது மட்டும் ஏறவில்லை.
நல்ல கருத்துத்தானாம்,
ஆனால் தலைப்புக்குள் வராதாம்.

பின்னேரம் சான்றிதழ். குழுப்படத்தில்
அவவை நடுவில் நிறுத்தினோம்.
பஸ் காசுக்கு மூன்று இடத்தில் கையொப்பம் வாங்கினார்கள்.

அடுத்த செவ்வாய்
பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி
கிரவல் ரோட்டால் முதிரையடிக்குளம்.
கடைசி வேலிக்கு முன்னமே மோட்டார் சைக்கிளை நிறுத்தி
ஹெல்மெற்றைக் கழற்றி நடந்து போனேன்.
கடப்படியில் நின்றேன்.
கூப்பிடுவதா, இருமுவதா?
அது கோப்பில் இல்லை.

வலை பொத்திக்கொண்டிருந்தவ நிமிர்ந்தா.
“என்ன சேர், டயறுக்குக் காத்துப் போயிட்டா?”
“இல்ல. வரலாமா?”
ஒள்ளம் யோசித்தா.
என்னிடம் ஒருவரும் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை.
“இண்டைக்கு ஏலாது.”

சரி என்று கிறுகினேன்.
சப்பாத்துக்குள் மணல் சுட்டது.
பைக்குள் பதிவேடு.
ஐந்தாவது நிலுவையை
நான்தான் எழுத வேண்டும்.