கவ்வாத்து

கத்தி நழுவி பூட்ஸைக் கீறியபோது
குளிர் என்றுதான் நினைத்தேன்.
ஜனவரியில் பொகவந்தலாவையில்
யாருக்குத்தான் விரல் விறைக்காது?
பிறகு சட்டைப் பொத்தான்.
பிறகு, குனிந்தால் கழுத்திலிருந்து குதிகால்வரை
ஈர வயரைத் தொட்டதுபோல் ஒரு சுளீர்.
பிறகு ஐந்து கிழமை தொடர்ந்து அரைப்பேர்.

கண்டிப் பெரியாஸ்பத்திரியில்
குழாய்க்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள்.
டொக்டர் சிங்களத்தில் சொன்னதை
மிஸ் தமிழில் பாதி, கையால் பாதி சொன்னார்:
கழுத்தெலும்புகளைச் சேர்த்துக் கட்டுகிற பட்டை,
வளைந்து கொடுக்கவேண்டியது,
எலும்பாகிக்கொண்டு வருகிறது.
பக்கத்தில் ஓடும் நரம்புக் கயிற்றை நெரிக்கிறது.

"எங்கயிருந்து வந்திச்சி அந்த எலும்பு?"
"வரல்ல அண்ணே, அங்கயே வளருது.
வளரச்சொல்லி உடம்பே ஒரு சாமான் சுரக்கும்.
முறிஞ்ச கால் ஒட்டுறதும் அதாலதான்.
உங்களுக்கு இடம் மாறிச் சொல்லிட்டுது."
ஏன் என்றேன்.
டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்டார்.

ஏழாம் நம்பர் மலை ஞாபகம் வந்தது.
கம்பெனி கைவிட்டு ஒன்பது வருஷம்.
இடுப்பளவுச் செடியெல்லாம் அங்கே மரம்,
ஏணி வைத்தால்தான் கொழுந்து.
மரமாகு என்று யாரும் போய்ச் சொல்லவில்லை.
சொல் முதலிலிருந்தே வேருக்குள் கிடந்தது.
நாலு வருஷத்துக்கொரு தடவை
நான்தான் போய் அதன் வாயை அடைத்துவந்தேன்.

முப்பத்தொரு வருஷக் கவ்வாத்து.
என் பிடரிக்குள் ஒரு செடி
வெட்ட ஆளில்லாமல்
மயிரிழை மயிரிழையாய் மரமாகியிருக்கிறது.
திட்டவும் வாய் வரவில்லை.
பன்னிரண்டு வயதில் கொழுந்து லொறியிலிருந்து விழுந்து
முறிந்த இந்தக் கையை ஒட்டியதும்
அதே சாமான்தானே.

பின்பக்க எலும்பைக் கீறி
கதவுபோல் ஒருபக்கம் திறந்துவைப்பார்களாம்.
அந்தப் பட்டையை வெட்டமாட்டீங்களா?
"நரம்போட ஒட்டியிருக்கு, தொட்டா மோசம்.
அது அங்கயே இருக்கட்டும்.
நரம்பு தள்ளி நிக்க இடம் குடுப்பம்."
லயத்தில் ஏழு பேருக்கு ஒரு காம்பரா எங்களுக்கு.
தள்ளி நிற்பதைப் பற்றி
மேலே விளக்கம் கேட்கவில்லை.

படிவத்தில் கையெழுத்து.
பேனை மூன்று தடவை விழுந்தது.
முப்பது வயதில் இரவுப் பள்ளியில் பழகிய
'மு. சடையாண்டி',
அந்த 'டை'யின் கொம்பு மட்டும் எனக்குத் தனி அழகு.
மிஸ் மைப்பெட்டியைத் திறந்து
கட்டைவிரலைத் தானே பிடித்து உருட்டினார்.

வெளியே வந்ததும் தவக்கொடி
முந்தானையால் மையைத் துடைத்தாள்.
துடைக்கிறாள் என்பதை
குனிந்து பார்த்துத்தான்
தெரிந்துகொண்டேன்.