குடைத்துணி

காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீட்டுக் குலுக்கினோம்.
வார்டன் ஃபிலோமினா அக்கா போட்டது ஒரே சட்டம்:
கடையில் வாங்கினது செல்லாது,
கையால் செய்யணும்.
யாருக்கு யார் கிறிஸ்மா என்பது
இருபத்துநாலாம் தேதிவரை மூச்சு.

எனக்கு வந்த பெயர் மாதேஸ்வரி.

ஓசூர், சிப்காட்டுக்குப் பின்தெரு,
மூன்றாம் மாடி, ஒன்பதாம் நம்பர் கட்டில்.
என் கட்டில்தான்.
இரவில் எனக்கு, பகலில் அவளுக்கு,
வாடகை பாதிப் பாதி.
அவளைக் கொண்டுபோகும் பஸ்தான்
என்னைத் திருப்பிக்கொண்டு வரும்.
பதினொரு மாதத்தில் நான் பார்த்த அவள் முகம்
பனி படிந்த கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
ஒரு பச்சை மஃப்ளர்.

கையால் செய்யணுமாம்.
என் கை ஒரு நாளைக்கு
ஆயிரத்து நானூறு திருகு முடுக்குகிறது.
அதில் ஒன்றுகூட வாசல் தாண்டாது,
கொண்டை ஊசிக்கே கத்துகிற மெஷின் இருக்கிறது.

போச்சம்பள்ளி கற்பகவல்லி
மாங்கொட்டையைத் தேய்த்து எலி செய்தாள்,
சணல் வால்.
ஜெகதேவிக்காரி ஊரிலிருந்து
உடைந்த கிரானைட் சில்லு கொண்டுவந்து
ஆணியால் பெயர் கீறினாள்,
காகிதம் பறக்காமல் வைக்க.
எங்களிடம் ஏது காகிதம்?

நான் கட்டிலைத் தேடினேன்.
கம்பியில் ஒட்டிவைத்த பதினேழு ஸ்டிக்கர் பொட்டு.
என்னுடையதைவிட நீளமான முடி.
தலையணைக்கு அடியில் மடித்த துப்பட்டா,
அதில் பக்கத்தில் பக்கத்தில்
இரண்டு மைக்கறை.
பொட்டலம் கட்டின துணி என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்தபோது
திரையில்லாத ஜன்னல்
வெயிலை வாளியோடு என் மூஞ்சியில் ஊற்றியது.
புரிந்தது, கறை எந்த இடம் என்று.

கார்த்திகை மழைக்கு முறிந்த குடைகள் மூன்று
படிக்கட்டு மூலையில் கிடந்தன.
கம்பியைக் கழற்றினால்
குடைக்கு எட்டு முக்கோணம்.
ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக வைத்துத் தைத்தால்
கோணல் தானே நேராகிவிடுகிறது.
பத்து மணிக்குமேல் குளியலறை விளக்கில்,
குளிரில் ஊசி தெரியாத விரல்களோடு.
ஒரு துணியில் பொடிப்பொடி ஓட்டை.
‘நட்சத்திரம்னு விட்டுடேன்’ என்றாள் ஃபிலோமினா அக்கா.
நான் உள்பக்கம் பட்டை வைத்து அடைத்தேன்.
தூங்குகிறவளுக்கு நட்சத்திரம் எதற்கு?

இருபத்துநாலு, விடிகாலை,
ஜன்னலில் கட்டிவிட்டு பஸ் பிடித்தேன்.

சாயங்காலம் ஏழுக்குத் திரும்பினால்
அறையில் மை இருட்டு.
ஸ்விட்சுக்குப் போன கை நின்றது.
குறட்டை.
பஸ் போய் ஒரு மணிநேரம் ஆகிறது.

‘மாதேஸ்வரி.’
‘விடிஞ்சிருச்சா?’
‘இல்ல. இருட்டிருச்சு.’

எழுந்த வேகத்தில் மேல்கட்டிலில் தலை இடித்தாள்.
‘லீவே போடாத போனஸு! எண்ணூறு ரூவா!
எந்தப் பாவி கட்டுனது இத?’

அஞ்செட்டிக் குரல்.
இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.
‘நான்தான். உன் கிறிஸ்மா.’

பார்த்தாள்.
திரையைப் பார்த்தாள்.
நெற்றியைத் தடவிக்கொண்டே,
‘கனவு வந்துச்சு’ என்றாள்,
வசவு மாதிரி.
என்ன கனவென்று சொல்லவில்லை.
கீழே கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.

பூசை முடிந்து வந்தபோது
எனக்குக் கண் சொருகியது,
அவளுக்கு அப்போதுதான் காலை.
கட்டில் ஒன்றுதான்.
கால்மாட்டில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.
‘கட்டுனவ நீ,
இனிமே எழுப்பறதும் நீதான்’ என்று
என் போனை வாங்கி நம்பரை ஏற்றினாள்.

மூன்று ஐம்பதுக்கு டீ.
வரிசையை விட்டு லாக்கருக்கு ஓடுகிறேன்.
ஒரு ரிங்.
இரண்டாவதில் கட் பண்ணுவாள்.
எழுந்துவிட்டாள்.
சில நாள் மூன்றாவதில்.