மேலது

நாலு ரோட்டில் தீர்த்தகிரி ஜெராக்ஸ்.
கடை அவருடையது,
பின்னறையில் இருக்கும் கம்ப்யூட்டரும்
அதன் பிழைகளும் என் பொறுப்பு.
பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.
திருத்தம் இரண்டு தடவை வரை இலவசம்.

நான் படித்தது ப்ளஸ் டூ.
முனைவர் பட்டங்கள் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன.
நன்றியுரையில் முதலில் யார், கடைசியில் யார்,
ஓரம் எத்தனை அங்குலம்,
எல்லாம் அத்துப்படி.
அடிக்குறிப்பில் ‘மேலது’ என்றால்
மேலே போய்ப் பார் என்று அர்த்தம்.
மேலே போனால் அங்கேயும் மேலது.
அதற்கும் மேலே,
தாளைத் திருப்பினால்,
ஓர் ஆசிரியர் பெயர், ஓர் ஆண்டு, ப. 41.

மாசிக் கடைசியில் சௌடேஸ்வரி வந்தாள்.
பாலக்கோட்டுப் பெண், கிணறுகளைப் பற்றி ஆய்வு.
கையெழுத்துப் பிரதியில் ப. 14 என்றிருந்தது.
நான் விரல் பழக்கத்தில் 41 அடித்தேன்.
திருத்தினாள்.
மறுபடியும் 41.
மறுபடியும் திருத்தினாள்.
“எல்லாரும் நாப்பத்தொண்ணுதாம்மா போடுவாங்க.”
“அந்தப் புஸ்தகமே முப்பத்தாறு பக்கம்தான்க்கா.”

செல்போனில் காட்டினாள்:
நூலகத்தின் ஊதா முத்திரை,
தையல் விட்ட ஒல்லிப் புத்தகம்,
பதினான்காம் பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி.
‘கிணறு வெட்டியவன் முதல் வாளித் தண்ணீரைக் குடிப்பதில்லை.’
எனக்கு மனப்பாடமான வரி.
ஒன்பது பேருக்கு அடித்திருக்கிறேன்.
ஒருவர் வாளியைக் குடமாக்கினார்.
ஒருவர் மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டு
வரியைத் தன் பேரில் எழுதிக்கொண்டார்.
அதற்கு அடுத்த வரியை
அன்றுதான் பார்த்தேன்:
‘அதை மாட்டுக்கு வைப்பான்;
மாடு குடித்தால்தான் அவனுக்குக் கூலி.’

ஒன்பது பேரில் ஒருவரும்
அந்த மாடு வரைக்கும் போகவில்லை.

கடை சாத்தியதும் பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்டினேன்.
எழுத்துரு உடைந்து
பாதிக் கோப்புகள் கிறுக்கலாகத் திறந்தன.
எண்கள் மட்டும் உடையவில்லை.
2021இல் 41.
2018இல் 41, மேலது, மேலது.
2015இல் 41.
முதல் கோப்பு 2012.
கரண்ட் வந்த ஒரு மணி நேரத்துக்குள்
அறுபது பக்கம் அடித்துத் தள்ளிய வருஷம் அது.
அந்தப் பையன் வாங்கிப் போகாத கையெழுத்துப் பிரதி
பரண் மேல் சிமெண்டுப் பையில் கிடந்தது.
நீல மசியில், அழகாக,
ப. 14.

அவன் பார்த்துதான் எழுதியிருக்கிறான்.
மற்றவர்கள் என்னைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சௌடேஸ்வரி திரும்பி வந்தாள்.
நெறியாளர் 14ஐச் சுழித்துச் சிவப்பில் எழுதியிருந்தார்:
‘முந்தைய ஆய்வேடுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்க.’
அவள் சண்டை போடுகிற மாதிரி நின்றாள்,
யாரோடு என்று தெரியாமல்.
சிமெண்டுப் பையை எடுத்து வைத்தேன்.
சொல்லிவிட்டேன்.
ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு அவள் சிரித்தாள்,
பிறகு பேனாவைத் திறந்தாள்.
“அக்கா, இதை அடிக்குறிப்பாப் போடணும்.
உங்க பேர் என்ன?
இனிஷியலோட சொல்லுங்க.”

இத்தனை வருஷத்தில்
யாரும் இனிஷியல் கேட்டதில்லை.
போர்டில் தீர்த்தகிரி இருக்கிறார்,
அட்டையில் பட்டம் வாங்குகிறவர்.

அவள் சொல்லச் சொல்ல நானே அடித்தேன்:
‘முதல் தட்டச்சில் நேர்ந்த பிழை.
நேர்காணல், கா. மாதம்மாள், தட்டச்சர்,
நாலு ரோடு, தருமபுரி, வெள்ளி மாலை.’
“தேதி போடுங்க்கா, கிழமை போதாது.”
தேதி போட்டேன்.

பிரிண்ட் எடுத்த தாளைச் சூட்டோடு வாங்கி
உதடு அசையப் படித்தாள்.
“அக்கா, உங்க பேர்ல ஒரு கால் விட்டுப்போச்சு.”

மதம்மாள்.

கணக்குப்படி அது மூன்றாவது திருத்தம்.
கால் வைத்து மறுபடி எடுத்தேன்.
காசு கொடுத்தாள்.
நெறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகு
வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.